வேல் இல்லாத வேலன்

முருகனை வைத்து ஒரு மேஜை விளையாட்டு எழுதலாமா? இந்தக் கேள்வியைக் கேட்ட மாத்திரத்திலேயே இரண்டு கட்சிகள் கிளம்பிவிடும். சாமியை விளையாட்டுச் சாமானாக ஆக்குவதா என்று ஒரு கட்சி கோபித்துக்கொள்ளும். மேல்நாட்டான் தன் தேவதைகளை வைத்து ஆடும்போது நாம் ஏன் ஆடக்கூடாது என்று இன்னொரு கட்சி ரோஷப்படும். இரண்டு கட்சியிலும் எனக்கு இடமில்லை. நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். பழைய கதையை எடுத்துப் புதிதாகச் செய்கிறவன் எதை எடுக்கிறான், எதை விடுகிறான் என்பதுதான் எனக்கு முக்கியமான விஷயம்.

விளையாட்டைப் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்கு நாலு வார்த்தை. ஐந்தாறு பேர் மேஜையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் கதை சொல்கிறவர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொள்கிறார்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு காகிதம். அதில் பலம் இத்தனை, சாமர்த்தியம் இத்தனை, அடி தாங்கும் சக்தி இத்தனை என்று எண்கள். "எதிரே ஒரு குகை. உள்ளே யாரோ மூச்சுவிடும் சத்தம் கேட்கிறது. என்ன செய்கிறாய்?" என்று கேட்பார் கதை சொல்கிறவர். ஒருவன் "உள்ளே போகிறேன்" என்பான். ஒருவன் "நான் வெளியில் காவல் நிற்கிறேன்" என்பான். எடுத்த காரியம் பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். இருபது முகமுள்ள பகடைகூட உண்டு. காலட்சேபத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள் நடுவில் எழுந்து, "பாகவதரே, நான் அனுமார், நான் இப்போது கடலைத் தாண்டப் போவதில்லை" என்று சொல்ல முடிந்தால் எப்படியிருக்கும்? அதுதான் இந்த விளையாட்டு. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் 1974-ல் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்பதிலிருந்து இந்த வகை பிரபலமாயிற்று. பொம்மைப் படைகளை நிறுத்தி ஆடும் யுத்த விளையாட்டிலிருந்து பிறந்தது அது. பிறந்த வீட்டுப் பழக்கம் லேசில் போகுமா? சண்டைக்கு வேண்டிய எண்கள் எல்லாம் அதில் ஏராளமாக உண்டு. மற்றதற்கு எண்கள் குறைவு.

புராண வீரனை எடுத்துக்கொள்வதில் ஒரு சௌகரியம் உண்டு. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 1938-ல் முதன்முதலாக அச்சில் வந்த சூப்பர்மேனை இன்றைக்கும் ஒரு கம்பெனி சொந்தம் கொண்டாடுகிறது. அவனைப் படைத்த சீகல், ஷஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் அன்று 130 டாலருக்கு உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்த முதல் கதை அமெரிக்காவில் பொதுச் சொத்தாவதற்கே 2034 பிறக்க வேண்டும். முருகனை யாரும் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. கச்சியப்ப சிவாச்சாரியார் 10,345 பாட்டில் சொன்னார். திருச்செந்தூர்க் கடற்கரையில் வருஷந்தோறும் ஐப்பசிச் சஷ்டியன்று சொல்கிறார்கள். காலண்டர்க்காரன் அவன் பாட்டுக்கு ஒரு முருகனைப் போடுகிறான். அகலிகையை எடுத்துச் 'சாப விமோசனம்' எழுதப் புதுமைப்பித்தன் யாரைக் கேட்டார்? கேட்க வேண்டியதில்லை என்பதால்தான் பொறுப்பு அதிகமாகிறது. சொந்தக்காரன் இருக்கிற சரக்கு கெட்டால் அவன் வந்து சண்டை போடுவான். ஊர்ப் பொதுக் கிணற்றில் குப்பை விழுந்தால் யார் கேட்பது?

குப்பை விழுந்ததற்கு ஓர் உதாரணம் நம் வீட்டிலேயே இருக்கிறது. வைகுண்ட ஏகாதசி இரவு கண் விழிப்பதற்காக ஆடும் பரமபத சோபான படத்தை எல்லோருக்கும் தெரியும். அதில் ஏணி என்றால் ஒரு நற்குணம். பாம்பு என்றால் ஓர் அசுரன், அல்லது ஒரு துர்க்குணம். தாயம் உருட்டுகிறவன் மோட்சத்துக்கும் நரகத்துக்கும் நடுவில் ஏறி இறங்குகிறான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இந்த மாதிரி ஆட்டம் இங்கிலாந்துக்குப் போயிற்று. அவர்கள் தங்கள் நாட்டுக்குத் தகுந்தபடி சிக்கனம், உழைப்பு என்று ஏணிகளுக்குப் பெயர் வைத்தார்கள். சோம்பலையும் கீழ்ப்படியாமையையும் பாம்பாக்கினார்கள். அதுவரையில் மோசமில்லை. பாவமும் புண்ணியமும் மாறினாலும் ஏதோ ஒன்று இருந்தது. பிறகு பெயர்கள் உதிர்ந்தன. எண்கள் மட்டும் நின்றன. 1943-ல் அமெரிக்காவில் ஒரு கம்பெனி பாம்பையும் எடுத்துவிட்டுச் சறுக்குமரம் போட்டது. இன்று கடையில் நாம் வாங்கிக் குழந்தைக்குக் கொடுக்கும் அட்டையில் ஒன்று முதல் நூறு வரை இருக்கிறது. ஏன் ஏறினோம், ஏன் விழுந்தோம் என்பது இல்லை.

கதை விளையாட்டிலும் இந்த விபத்து நடந்திருக்கிறது. 1976-ல் அந்த டிராகன் விளையாட்டுக்காரர்கள் உலகத்துத் தெய்வங்களுக்கெல்லாம் எண் போட்டு ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். 1980-ல் அதை விரித்து 'டெயிட்டீஸ் அண்டு டெமிகாட்ஸ்' என்று பெரிய புத்தகமாகப் போட்டார்கள். கிரேக்கர், எகிப்தியர், வடதேசத்தார் என்று வரிசையாக வந்து, நம் இந்திரனும் காளியும் விஷ்ணுவும் அந்த ஜாபிதாவில் நிற்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் கவசம் எவ்வளவு, உயிர்ப் புள்ளி எவ்வளவு என்ற கணக்கு உண்டு. இதில் ஒரு வேடிக்கை. முதல் புத்தகத்தை வெளியிட்டவர்களின் நோக்கம் நல்ல நோக்கம்தான். தங்கள் வீரர்கள் அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டதாகப் பீற்றிக்கொண்ட ஆட்டக்காரர்களின் கொட்டத்தை அடக்கவே தெய்வங்களின் பலத்தைக் காட்டுவதாக முன்னுரையில் எழுதினார்கள். ஓடின் என்ற மூத்த தெய்வத்துக்கே முந்நூறு புள்ளிதான் என்றால் நீ எம்மாத்திரம் என்பது அவர்கள் வாதம். பையன்கள் அதை வேறு மாதிரி படித்திருக்க மாட்டார்களா? முந்நூறு புள்ளி என்றால், முந்நூற்றொன்று அடித்தால் ஆள் காலி என்றுதானே அர்த்தம்? எண் போட்ட மாத்திரத்தில் தெய்வம் வேட்டைக்குரிய மிருகமாகிவிட்டது.

உடனே, எண்ணே கூடாது என்று சொல்ல வரவில்லை. திருப்பூரிலிருந்து அவிநாசி போகும் சாலையில் திருமுருகன்பூண்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. பனியன் தறிகளுக்கு நடுவில் அங்கே உளிச் சத்தமும் கேட்கும். கல் சிற்பிகள் இருக்கும் ஊர். சிற்பியும் சாமியை எண்ணால்தான் செய்கிறான். முகத்தின் நீளம் ஒரு தாளம். பெரிய தெய்வங்களுக்கு உத்தம தசதாளம், அதாவது உச்சியிலிருந்து பாதம் வரை 124 அங்குலம். கழுத்து இத்தனை, மார்பு இத்தனை என்று நூல் பிடித்துக் கோடு போட்ட பிறகே உளி வைக்கிறான். இதை யாரும் அபசாரம் என்று சொல்வதில்லை. வித்தியாசம் எங்கே இருக்கிறது? அந்த அங்குலம் கையடக்கமான விக்கிரகத்துக்கும் ஒன்றுதான், ஆளுயரச் சிலைக்கும் ஒன்றுதான். ஒரு சாமி இன்னொரு சாமியை ஜெயிக்குமா என்று பார்ப்பதற்காக யாரும் தாளம் கணக்கிடவில்லை. ஓர் உருவம் தனக்குள்ளே இசைந்திருக்கிறதா என்று பார்க்கும் எண் அது. அடுத்தவனோடு மோத விடும் எண் வேறு.

மேல்நாட்டிலும் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்ட ஒருவர் இருந்தார். கிரெக் ஸ்டாஃபோர்டு என்று பெயர். ஆர்தர் ராஜாவின் கதையும் நம் புராணம் மாதிரி சொந்தக்காரன் இல்லாத கதை. அதை வைத்து 1985-ல் 'பென்டிராகன்' என்ற விளையாட்டை அவர் எழுதினார். அதில் ஒவ்வொரு வீரனுக்கும் குணங்கள் ஜோடி ஜோடியாகப் பதின்மூன்று. இரக்கத்துக்கு எதிரே கொடுமை, அடக்கத்துக்கு எதிரே கர்வம் என்று ஜோடி சேர்த்திருக்கிறார். ஒரு ஜோடியின் கூட்டல் எப்போதும் இருபது. இரக்கம் ஏறினால் கொடுமை தானே இறங்கும். எதிரி காலில் விழுந்து கெஞ்சும்போது, வெட்டுவதா விடுவதா என்று ஆடுகிறவனுக்கே சந்தேகம் வந்தால் அந்த எண்ணை வைத்துப் பகடை உருட்டிப் பார்க்க வேண்டும். இன்னொன்றும் செய்தார். ஒவ்வொரு சாகசமும் முடிந்ததும் ஒரு குளிர்காலம் வருகிறது. வீரன் வீட்டுக்குப் போக வேண்டும். நிலத்தைப் பார்க்க வேண்டும். கலியாணம் ஆகும், குழந்தை பிறக்கும், ஒரு வயது கூடும். கிழவனாகிச் செத்துப்போனால் அவன் மகனை எடுத்துக்கொண்டு ஆட வேண்டும். எனக்குத் தெரிந்தவரையில், ஒரு பழங்கதையை விளையாட்டாக மாற்றியவர்களில் இவர் ஒருவரே கதையின் உயிர் எங்கே இருக்கிறது என்று தொட்டுப் பார்த்தவர் என்பேன். வாளின் நீளத்தை அளப்பதற்கு முன்னால் வாள் பிடித்தவனின் மனத்தை அளக்க முயன்றார்.

இனி முருகனுக்கு வருவோம். முருகனின் காகிதத்தை நிரப்பச் சொன்னால் யாரும் முதலில் என்ன எழுதுவார்கள்? ஆயுதம்: வேல். வாகனம்: மயில். முகம்: ஆறு. (சாதாரணப் பகடைக்கும் முகம் ஆறுதான் என்று யாராவது சிலேடை செய்யாமல் இருக்க மாட்டார்கள்.) மேலே சொன்ன திருமுருகன்பூண்டிக்குப் போனால் இந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட வேண்டியதுதான். ஊரே அவன் பெயரால் நிற்கிறது. கொங்கு நாட்டில் பாடல் பெற்ற ஏழு சிவஸ்தலங்களில் அது ஒன்று. அங்கே முருகன் வேலில்லாமல், மயிலில்லாமல் இருக்கிறான் என்கிறார்கள். தலபுராணம் சொல்லும் காரணம் இது: சூரனைக் கொன்ற பிரம்மஹத்தி தோஷம் அவனைப் பிடித்துக்கொண்டதாம். அது தீருவதற்காக இந்த ஊருக்கு வந்து, வேலையும் மயிலையும் வெளியே விட்டுவிட்டு உள்ளே சென்று, தகப்பனாரைப் பூசித்தானாம்.

இதைச் சற்று நின்று யோசித்துப் பார்க்க வேண்டும். தேவர்களைச் சிறையிலிருந்து மீட்டவன். கேட்டுக்கொண்டவர்கள் தேவர்கள், அனுப்பியவர் தகப்பனார், வேல் கொடுத்தவள் தாயார். தர்மப்படி செய்த யுத்தம். கந்த புராணத்தைக் கேட்டால் சூரன் சாகக்கூட இல்லை; கடல் நடுவே மாமரமாக நின்றவனை வேல் இரண்டாகப் பிளக்கிறது, ஒரு பாதி சேவலாகிறது, ஒரு பாதி மயிலாகிறது. அப்படியிருந்தும் கொங்கு நாட்டு ஜனங்களுக்குத் திருப்தி ஏற்படவில்லை. கொலை கொலைதானே, இவன் கை கழுவ வேண்டாமா என்று கேட்டிருக்கிறார்கள். கேட்டு, அவனுக்கு ஓர் ஊரும் கொடுத்திருக்கிறார்கள்.

டிராகன் விளையாட்டில் எதிரியைக் கொன்றால் வீரனுக்கு அனுபவப் புள்ளி ஏறும். போதுமான புள்ளி சேர்ந்தால் அவன் ஒரு படி உயர்வான். அடுத்த முறை இன்னும் பெரிய எதிரி. கொன்றால் ஏறுவது அந்த ஆட்டத்தின் முதுகெலும்பு. கொன்றால் இறங்குவது திருமுருகன்பூண்டியின் கணக்கு. வென்றவன் ஆயுதத்தை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். முருகனை எடுத்துக்கொண்டு இந்தக் கணக்கை விட்டுவிடுகிறவன் முருகனை எடுத்துக்கொள்ளவில்லை. மயிலேறிய ஒரு சூப்பர்மேனைத்தான் எடுத்துக்கொண்டான். ஸ்டாஃபோர்டு ஒரு குளிர்காலத்தை வைத்த இடத்தில் நம்மவன் ஒரு திருமுருகன்பூண்டியை வைக்கலாம். சண்டை முடிந்த மறுநாள் என்ன செய்தாய் என்று ஒவ்வொருவனையும் கேட்கலாம். யாரை வெட்டினாய், அவன் பெயர் என்ன, அவன் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பதிலைக் காகிதத்தில் எழுதச் சொல்லலாம். எழுதி முடிக்கும் வரையில் ஆயுதம் மேஜைக்கு வெளியே இருக்கட்டும்.

அந்த ஊருக்கு இன்னொரு கதையும் உண்டு. அது இதைவிட ருசியானது. சேரமான் பெருமாள் நாயனார் கொடுத்த பொன்னையும் பட்டையும் ஆட்கள் தலையில் ஏற்றிக்கொண்டு சுந்தரர் அந்த வழியாக வருகிறார். சிவனுடைய பூதகணங்கள் வேடர் வேஷத்தில் வழிமறித்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்கின்றன. பிறர் கொடுத்த பொன்னைத் தம் கையால் மறுபடி கொடுக்க வேண்டும் என்று சிவனுக்கு ஓர் ஆசை என்று காரணம் சொல்வதுண்டு. சுந்தரர் என்ன செய்தார்? வேடர்களோடு சண்டை போடவில்லை. கோயிலுக்குள் போய்ச் சாமியைக் கேட்டார்: வழிப்போக்கனை அடித்துத் துணியை உருவுகிற இந்தப் பொல்லாத இடத்தில் நீர் எதற்காகக் குடியிருக்கிறீர் என்று. பத்துப் பாட்டும் இந்தச் சண்டைதான். பறிபோனது அத்தனையும் கோயில் வாசலில் திரும்பக் கிடைத்தது. (துணியைப் பறிகொடுத்த அதே பூமியில் இன்று உலகம் முழுவதும் உடுத்துவதற்குப் பனியன் தைக்கிறார்கள். சுந்தரர் வந்து பார்த்தால் இன்னொரு பதிகம் பாடுவார்.)

இந்தக் கொள்ளையை அந்த ஊர்க்காரர்கள் மாசித் திருவிழாவையொட்டி வேடுபறி உற்சவமாக நடத்துகிறார்கள். ஸ்ரீரங்கத்திலும் ஒரு வேடுபறி உண்டு. வைகுண்ட ஏகாதசிக்குப் பின் இராப்பத்தில் எட்டாம் நாள் நடப்பது அது. அங்கே கதை தலைகீழ்: திருடன் திருமங்கை மன்னன், பறிகொடுப்பவர் பெருமாள். தமிழ்நாட்டில் ஓரிடத்தில் கடவுள் பக்தனைக் கொள்ளையடிக்கிறார். இன்னோரிடத்தில் பக்தன் கடவுளைக் கொள்ளையடிக்கிறான். வேஷம் கட்டி, வழிமறித்து, பறித்து, திருப்பிக் கொடுத்து ஆடும் இந்த ஆட்டத்தைக் கதை விளையாட்டு என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது? சாமியை விளையாட்டில் இறக்கலாமா என்று கோபிக்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். மதுரையில் சொக்கநாதர் செய்த அறுபத்துநான்கு காரியங்களுக்கும் நம் பெரியவர்கள் வைத்த பெயர் திருவிளையாடல்.

டிராகன் விளையாட்டு முறையில் சுந்தரர் கதையை எழுதினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கிறேன். வேடர்கள் இத்தனை பேர், வில் இத்தனை, சுந்தரருக்குப் பலம் குறைவு, ஆட்டம் முடிந்தது. பாட்டுக்கு எண் எங்கே? உரிமையோடு சண்டை போடுவதற்கு எண் எங்கே? எதிரே நிற்கிற கொள்ளைக்காரன் யாருடைய ஆள் என்று தெரியாமலே அடி வாங்கிவிட்டு, நேரே அவன் எஜமானிடம் போய் முறையிடுகிற தைரியத்தை எந்தப் பகடையால் அளப்பது? ஓர் எழுத்தாளன் இந்த விளையாட்டைச் செய்ய உட்கார்ந்தால் அவனுக்கு உண்மையான வேலை இங்கேதான் ஆரம்பிக்கிறது. பாத்திரங்களுக்குள் இருக்கும் உறவுக்கு அவன் ஒரு விதி எழுதியாக வேண்டும். சுந்தரர் தம்பிரான் தோழர். தோழனுக்குக் கேட்கும் உரிமை உண்டு. அந்த உரிமையைச் செலவழித்தால் அது குறையுமா, கூடுமா? தமிழ்க் கதையில் அது கூடுகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. திட்டத் திட்ட அவர்கள் நெருக்கம் வளர்கிறது.

இன்னொரு யோசனையும் சொல்லத் தோன்றுகிறது. ஆட்டக்காரர்கள் யாரும் முருகனாக உட்காரக் கூடாது. பக்திக்காகச் சொல்லவில்லை, கதைக்காகவே சொல்கிறேன். திருச்செந்தூர்க் கடற்கரையில் கூடுகிற லட்சக்கணக்கான ஜனங்களில், இன்றைக்கு முருகன் ஜெயிப்பானா என்று சந்தேகப்பட்டு வந்தவன் ஒருவனும் இல்லை. யானைத் தலை, சிங்கத் தலை, சூரன் தலை என்று தலைகள் மாறி மாறி எதிரே வருகின்றன. முடிவு எல்லோருக்கும் தெரியும். தெரிந்த முடிவுக்குப் பகடை உருட்டுவது வீண். தெரியாதது மற்றவர்கள் கதை. கச்சியப்பர் இதற்கு வசதியாக வீரபாகுவையும் அவனோடு எட்டுப் பேரையும் நமக்குத் தயாராக வைத்திருக்கிறார். மேஜையைச் சுற்றி உட்கார நவவீரர்கள் போதாதா? மகேந்திரபுரிக்குத் தூது போன வீரபாகு சூரன் சபையில் தன்னந்தனியாக நின்று பேசுகிற இடம் ஒன்று போதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆடலாம். சமாதானம் பேசப் போனவனுக்கு உள்ளூரச் சண்டை ஆசை உண்டா இல்லையா?

சூரன் பக்கத்தையும் விட்டுவிடக் கூடாது. யுத்தத்தின் கடைசியில் முருகன் தன் பெரிய உருவத்தைக் காட்டுகிறான். சூரன் திகைத்துப் போய்ப் புகழ்கிறான். வணங்க மனம் வருகிறது, மானம் விடவில்லை. முருகன் அந்த உருவத்தை மறைத்ததும் தெளிவும் போய்விடுகிறது. மறுபடி வில்லை எடுக்கிறான். ஸ்டாஃபோர்டு கண்டுபிடித்த அடக்கமும் கர்வமும் ஒரே ஜோடியாக ஏறி இறங்குவதைக் கச்சியப்பர் ஓரிரு பாட்டில் காட்டிவிட்டுப் போகிறார். 2013-ல் மகாபாரதத்தைத் தழுவி 'ஏரோஸ் ஆஃப் இந்திரா' என்று மேல்நாட்டார் ஒரு கதை விளையாட்டு வெளியிட்டார்கள். அது மாதிரி ஒன்றைக் கந்த புராணத்துக்கு நம்மவர்களே செய்யும்போது, அசுரர்களை வெட்டுவதற்கென்று வளர்ந்த வாழைமரமாக நிறுத்திவிடாமல் இருக்க வேண்டும்.

எனக்கு ஒரு பாத்திரத்தைப் பொறுக்கிக்கொள்ளச் சொன்னால் நான் இரணியனைக் கேட்பேன். நரசிம்மம் கிழித்த இரணியன் அல்ல, சூரனுடைய மகன். தகப்பனிடம் தேவர்களை விட்டுவிடச் சொல்லி மன்றாடுகிறான். தகப்பன் கேட்கவில்லை. பிறகு தகப்பனுக்காகவே போர்க்களத்துக்குப் போகிறான், தோற்கிறான். எல்லோரும் சாகத்தான் போகிறார்கள் என்று அவனுக்குத் தெரிகிறது. தகப்பனுக்குக் கொள்ளி வைக்க ஒருவன் மிஞ்ச வேண்டும் என்றும் தெரிகிறது. போர்க்களத்தை விட்டு ஓடி, ஒரு மீனாகிக் கடலுக்குள் மறைந்துகொள்கிறான். மேலே யுத்தம் நடக்கிறது. தகப்பன் அதே கடலின் நடுவில் மாமரமாக நிற்கிறான். கீழே தண்ணீருக்குள் மகன் காத்துக்கொண்டிருக்கிறான்.